வெப் டெவலப்மென்ட்டுக்கு மேக்புக் ஏர் எம்4 சரிவருமா?

வெப் டெவலப்மென்ட்டுக்கு லேப்டாப் தேடுகிறவர்கள் பிராசஸர் பெயரையே பிடித்துத் தொங்குவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஐ5-ஆ ஐ7-ஆ, எம்4-ஆ எம்4 ப்ரோவா என்று நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், கடைசியில் 8 ஜிபி மெமரியோடு (ரேம்) ஏதோ ஒன்றை வாங்கிவிட்டு, குரோமில் பத்து டேப் திறந்ததும் மெஷின் திணறுகிறது என்று புலம்புவார்கள். நம் வேலையில் பிராசஸர் முழுவேகத்தில் ஓடுவது பில்ட், அதாவது எழுதிய கோடை வெளியிடத் தயாராக்கும் வேலை, நடக்கும் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் எடிட்டர், டெவ் சர்வர் (எழுதும் தளத்தை நம் மெஷினிலேயே ஓட்டிக்காட்டுவது), டெவ்டூல்ஸ் (பக்கத்தை ஆராயும் கருவி) திறந்த பிரவுசர், ஸ்லாக், ஃபிக்மா எல்லாம் சேர்ந்து மெமரியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வி.எஸ். கோடு எடிட்டர் பின்னணியில் ஓட்டும், கோடில் பிழை பார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் சர்வர் ஒன்றுக்கே டீஃபால்ட்டாக 3 ஜிபி வரை போக அனுமதி உண்டு. பெரிய புராஜெக்ட் என்றால் அது அந்த எல்லையைத் தொட்டும் விடும்.

அதனால் 2025 மார்ச்சில் வந்த 13 இன்ச் மேக்புக் ஏர் எம்4-ஐ அந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, நமக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஃபேன் கிடையாது, சத்தமே வராது. வெகுநேரம் தொடர்ந்து கம்பைல் செய்கிறவர்களுக்கு சூடேறி வேகம் குறையும். ரியாக்ட், வ்யூ வகையறா (வெப் பக்கங்கள் கட்டும் லைப்ரரிகள்) பில்ட் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆரம்ப மாடலிலேயே 16 ஜிபி மெமரி இருக்கிறது. 2024 அக்டோபர் வரை ஏர் வரிசை 8 ஜிபியில்தான் தொடங்கியது, அதனால் பழைய எம்1, எம்2 மாடல்களை செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்கள் அதை முதலில் கவனியுங்கள். 8 ஜிபி என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கையைக் கடிப்பது ஸ்டோரேஜ். 256 ஜிபியில் தொடங்குகிறது, பிற்பாடு மாற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. ஆப்பிளின் ஆப் கட்டும் மென்பொருளான எக்ஸ்கோடும், ஐபோனைத் திரையில் ஓட்டிக்காட்டும் சிமுலேட்டரும் போட்டால் ஒரு பெரிய துண்டு போயிற்று, டாக்கர் இமேஜ்கள் (ஒரு ஆப்பை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதிகள்) இன்னொரு துண்டு, அப்புறம் ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் நோட் மாட்யூல்ஸ் (இறக்கிக்கொண்ட துணை கோடு) என்று ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். என்றோ முடிந்துபோன வேலையின் ஃபோல்டர்கள் கூட அங்கேயே கிடக்கும், யாரும் அழிப்பதில்லை. குறைந்தது 512 எடுங்கள். மெமரியை 24 ஆக்குவதா ஸ்டோரேஜை 512 ஆக்குவதா, இரண்டில் ஒன்றுக்குத்தான் பட்ஜெட் இருக்கிறது என்றால், ஃபிரன்ட்எண்ட் (பயனர் பார்க்கும் பக்கம்) வேலைக்கு நான் ஸ்டோரேஜைத்தான் சொல்வேன். நாலைந்து கன்டெய்னர்களை (டாக்கர் இமேஜை ஓடவிட்டால் அது கன்டெய்னர்) எப்போதும் ஓட்டிக்கொண்டே இருப்பவர் என்றால் மெமரி.

திரை 13.6 இன்ச், 2560க்கு 1664, 500 நிட்ஸ் வெளிச்சம். தரத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் எடிட்டரையும் பிரவுசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே ஒடுங்கிப்போகும், வெளி மானிட்டர் வாங்கும் எண்ணத்தோடுதான் இதை வாங்க வேண்டும். எம்1, எம்2 ஏர்களில் ஒரே ஒரு வெளி மானிட்டர்தான், எம்3-இல் மூடியை மூடினால் இரண்டு, எம்4-இல்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. என்னைக் கேட்டால் எம்4-க்குக் கூடுதல் காசு கொடுக்க இது ஒன்றே நியாயமான காரணம். யு.எஸ்.பி-சி போர்ட் இரண்டும் இடது பக்கத்திலேயே இருப்பது எரிச்சல், மானிட்டர் வலது பக்கம் இருந்தால் கேபிள் சுற்றிக்கொண்டு வரும்.

திரை நன்றாக இருப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் மிக வெளிறிய சாம்பலில் ஒரு பார்டர் போட்டால் இதில் அழகாகத் தெரியும். அதே பக்கத்தை நிறங்கள் வெளுத்துத் தெரியும் மலிவான லேப்டாப்பில் திறந்தால் பார்டரே இருக்காது, கார்டு எங்கே முடிகிறது என்றே புரியாது. நம் தளத்துக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேரிடம் இருப்பது அந்த மாதிரித் திரைதான். வீட்டில் பழைய மானிட்டர் ஏதாவது கிடந்தால் தூக்கிப்போடாதீர்கள், பக்கத்தை அதில் ஒருமுறை பார்த்துக்கொள்ள உதவும்.

சஃபாரி விஷயத்துக்கு வருவோம். ஐபோனில் லேஅவுட் உடைகிறது என்று கிளையன்ட் சொன்னால், சிமுலேட்டரைத் திறந்து, சஃபாரியின் இன்ஸ்பெக்டரை அதோடு இணைத்து, எந்த எலிமென்ட் வெளியே தள்ளுகிறது என்று பார்க்க மேக் தேவை. விண்டோஸில் இதற்கு நேரான வழி இல்லை. மொபைலுக்கு நிறைய செய்கிறவர்களுக்கு மற்ற குறைகளையெல்லாம் இது ஒன்று ஈடுகட்டிவிடும்.

ஆனால் மேக், தளங்கள் பெரும்பாலும் ஓடும் லினக்ஸ் சர்வர் அல்ல, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேக்கின் ஃபைல் சிஸ்டம் டீஃபால்ட்டாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. ஃபைல் பெயரில் முதல் எழுத்து பெரியதாக இருந்து, இம்போர்ட் வரியில் (அந்த ஃபைலைக் கூப்பிடும் இடத்தில்) நீங்கள் சின்னதாக எழுதியிருந்தாலும் இங்கே எல்லாம் ஜோராக ஓடும், லினக்ஸ் சர்வரில் ஏற்றி டிப்ளாய் செய்ததும் ஃபைலே இல்லை என்று பில்ட் விழும். பைதானில் எழுதும் ஃபிளாஸ்க் சர்வரை 5000-ஆம் போர்ட்டில் (மெஷினுக்குள் ஒரு இணைப்பு எண்) ஓட்டினால், மற்ற ஆப்பிள் சாதனங்களின் படத்தை வாங்கிக் காட்டும் ஏர்பிளே ரிசீவர் ஏற்கெனவே அதைப் பிடித்து வைத்திருக்கும், செட்டிங்ஸில் போய் அணைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்டில், 16-க்கு முந்தைய வெர்ஷன்களுக்கு ஆப்பிள் சிலிக்கானுக்கான (எம்1, எம்4 போன்ற ஆப்பிளின் சொந்த சிப்கள்) ரெடிமேட் பைனரி கிடையாது, ஆகவே பழைய புராஜெக்ட்டைப் பராமரிக்கிறவர்கள், இன்டெல் மென்பொருளை இந்த சிப்களில் ஓட்டும் ரொசெட்டாவோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டிவரும். டாக்கரும் இங்கே நேரடியாக ஓடுவதில்லை, உள்ளே ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கிய கம்ப்யூட்டர்) வைத்து அதற்குள்தான் ஓடுகிறது. இன்டெல்லுக்கு மட்டுமே கட்டிய இமேஜ் என்றால் இன்னும் மெதுவு.

வேலையில் பாதிக்கு மேல் டாக்கரும் பேக்எண்டும் (சர்வர் பக்க வேலை) என்றால் நான் ஏரைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்டெல் வகை திங்க்பேட் டி14 ஜென் 5 மாதிரி, மெமரிக்கு ஸ்லாட் இருக்கும் மெஷினைப் பாருங்கள், இன்று 16 போட்டு பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஃபிரேம்வொர்க் 13-உம் அப்படித்தான், அதில் 3:2 திரை வேறு, கோடு படிக்க உயரம் தாராளமாகக் கிடைக்கும். விண்டோஸிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2 போடுங்கள், ஆனால் அது டீஃபால்ட்டாக மொத்த மெமரியில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், அதனால் 16 ஜிபி அங்கே சீக்கிரமே இறுக ஆரம்பிக்கும். புராஜெக்ட்டை அந்த லினக்ஸுக்குள் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு அங்கிருந்து ஓட்டினால் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆமை வேகம்தான், அதைப் பார்த்து லேப்டாப்பைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். நேரடியாக லினக்ஸ் போடப்போகிறவர்கள் மூடியை மூடியபின் பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று அந்த மாடலை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், ஸ்பெக் ஷீட்டில் அது இருக்காது.