முத்து வெள்ளை மின்கார்: கல்லடியின் உப்புக் காற்றில் பல ஆண்டுகளுக்குப் பிறகு

இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், மின்கார் வாங்க நினைக்கும் பலர் என்னிடம் பற்றரியின் ஆயுளைப் பற்றியே விசாரித்தார்கள். எந்த நிறத்தை எடுப்பது என்று முதன்முதலில் கேட்டவர் அக்கரைப்பற்றிலுள்ள நண்பர் ஒருவர். மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, முத்து வெள்ளை நிற நிசான் லீஃப் மின்கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில், அவருக்குத் தொலைபேசியில் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். காரின் மற்ற விபரங்கள் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெயிலைப் பொறுத்தவரை வெளிர் நிறத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தினர் கறுப்பு, வெள்ளி நிறங்களில் இரண்டு ஹொண்டா சிவிக் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளி நிறக் காரின் கூரை 25 பாகை செல்சியஸ் வரையும், உள்ளிருந்த காற்று 5 முதல் 6 பாகை வரையும் குறைந்த வெப்பத்தில் இருந்தன. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் மட்டக்களப்பு நகரில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வருபவருக்கு இந்த 5 பாகை பெரிய விடயம். பெற்றோல் காரில் குளிரூட்டி எவ்வளவு எரிபொருளைத் தின்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மின்காரிலோ, அதை இயக்கியவுடன் மிஞ்சியிருக்கும் தூரம் குறைவதைத் திரையிலேயே காண்கிறோம். ஆனால் வெள்ளை நிறம் பற்றரியையே காப்பாற்றும் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் லீஃபின் பற்றரி தரைத்தளத்தின் கீழே இருக்கிறது. அதற்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அதைச் சூடாக்குபவை தார் வீதியின் வெப்பமும், விரைவாகச் சார்ஜ் ஏற்றுவதும், நீண்ட ஓட்டமுமே ஆகும்.

ஆகவே பற்றரிக்காக நிழலைத் தேடுகிறோம், அங்கேதான் பூச்சுக்குக் கேடு தொடங்குகிறது. மாமரத்தின் கீழே நிறுத்தினால் பால் சொட்டுகிறது. வேம்பின் கீழே பிசினும் காக எச்சமும் விழுகின்றன. வெயிலின் சூட்டில் சற்று இளகிய மேற்பூச்சு, பின்னர் குளிரும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தைச் சுற்றியே இறுகிவிடுவதால், கழுவிய பின்னும் தடம் நிற்கிறது. கறுப்புக் காரில் அந்தத் தடம் தூரத்திலிருந்தே தெரியும், வெள்ளையில் தேடினால்தான் தெரியும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைச் சிறிது நேரம் மேலே போட்டு ஊறவிட்டு எடுப்பதே சரியான முறை. எங்கள் வளவுக் கிணற்று நீர் உவராக இருப்பதால், அந்த நீரால் கழுவி அப்படியே காயவிட்டால் வெண்புள்ளிகள் படிந்துவிடும். ஆதலால் கடைசி அலசலுக்குக் குழாய்நீரையே பயன்படுத்தி, உடனே மென்துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன். வாடைக்காற்று காலத்தில் கடலிலிருந்து வரும் உப்பைச் சக்கர வளைவுகளிலும் கதவுகளின் கீழ் விளிம்பிலும் கழுவாமல் விடக்கூடாது. இறுதியில் எனக்குக் கைகொடுத்தது கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். அதன் கீழே பற்றரியும் சூடாவதில்லை, பூச்சும் கெடுவதில்லை. ஒவ்வொரு சேர்விஸின்போதும் ‘கட் அண்ட் பொலிஷ்’ செய்யச் சொல்லி வற்புறுத்துபவர்களுக்கு நான் இணங்குவதே இல்லை. மேலேயுள்ள நிறமற்ற கிளியர் பூச்சு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன் தடிப்புடையது. பொலிஷ் மினுக்குவது அதைத் தேய்த்துத்தான்.

இனி, என்னை இன்றுவரை உறுத்தும் விடயத்துக்கு வருகிறேன். காத்தான்குடியின் நெரிசலில் ஒரு மோட்டார் சைக்கிளின் கைபிடி என் காரின் முன் பம்பரை ஆழமாக உரசிவிட்டது. கராஜில் பம்பரைக் கழற்றிப் பூசித் திரும்ப மாட்டினார்கள். வேலை நடந்த இடத்தில் குழல் விளக்கின் கீழே எல்லாம் ஒரே வெள்ளையாகவே தெரிந்தது. மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது, பம்பர் மஞ்சள் சாயலுடனும் பக்கத்துத் தகடு நீலச் சாயலுடனும் நின்றன. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “அதே குறியீட்டு நிறம்தானே அடித்தோம்” என்றார்கள்.

நிறக் குறியீடு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் முத்து வெள்ளையின் சிக்கல். சாதாரண வெள்ளையில் நிறப்பூச்சும் கிளியரும் மட்டுமே உள்ளன. முத்து வெள்ளையில், வெள்ளை அடிப்பூச்சுக்கும் கிளியருக்கும் நடுவே, மைக்காத் துகள்கள் கலந்த மூன்றாவது பூச்சு ஒன்று இருக்கிறது. அதை எத்தனை தடவை தெளிக்கிறார்கள், எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து தெளிக்கிறார்கள் என்பவற்றைப் பொறுத்து ஒரே டப்பாவிலிருந்து வெவ்வேறு வெள்ளைகள் வரும். இதற்காகத்தான் கவனமான பெயின்ற் பாஸ்மார் ஓர் அட்டையில் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை என்று படிப்படியாகத் தெளித்து, அதைக் காரோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குவார்கள். அருகிலுள்ள தகட்டின் மீதும் முத்துப் பூச்சைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே பரப்பினால், எல்லை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

கராஜ்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தகட்டின் மீது பரப்ப வேண்டுமானால் கார் முழுவதையும் பூச்சைக் காயவைக்கும் சூட்டறைக்குள் விட வேண்டும். அங்கே வெப்பம் பொதுவாக 60 பாகையளவில் இருக்கும். லீஃபின் கையேடோ 49 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் காரை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது. அரை மணித்தியாலச் சூடு அந்த எல்லையை மீறாது என்று வாதிடலாம். ஆயினும் மற்றவரின் பற்றரியைப் பணயம் வைக்க அவர் தயங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். பம்பரைத் தனியே கழற்றிப் பூசியதன் காரணம் அதுவே. ஆனால் அந்த ஓர் அட்டையைத் தெளித்துப் பார்ப்பதற்கு சூட்டறையும் வேண்டாம், பற்றரியைப் பற்றிய பயமும் வேண்டாம். அதைச் செய்யாமல் விட்டதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் லீஃபின் சார்ஜ் வாய் முன் மூக்கில் இருப்பதால், ஒவ்வோர் இரவும் வயரைச் செருகுவதற்கு நான் குனிவது அந்தப் பம்பருக்கு முன்னால்தான்.

அந்த வயரைப் பற்றியும் ஒரு சொல்: மணல் வளவில் கிடந்த வயர் பம்பரின் மேல் உராய்ந்தால் மயிரிழைக் கீறல்கள் விழும். சுவரில் ஒரு கொளுவியை அடித்து அதில் தொங்கவிடுங்கள்.

இத்தனை ஆண்டுகளில் என் காரின் நிறம் மங்கவில்லை, உப்பால் எங்கும் கொப்புளம் எழவில்லை, புழுதி படிந்தாலும் அழுக்காகத் தோன்றவில்லை, காலை வெயிலில் அதன் பொலிவுக்கு இணையாக வேறொரு வெள்ளையை நான் கண்டதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நண்பருக்கு நான் கூறும் விடை: முத்து வெள்ளையை எடுக்க வேண்டாம். சாதாரண வெள்ளை கிடைத்தால் அதை எடுங்கள். வெயிலுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததன்று, உரசல் பட்டால் மூன்றாவது பூச்சு என்ற தொல்லையும் இல்லை. வெள்ளி நிறத்திலும் உலோகத் துகள்கள் இருப்பதால் இதே சிக்கல் அங்கேயும் வரும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களில் முத்து வெள்ளையே அதிகமாகக் கண்ணில் படுவதால், வேறு வழியில்லாமல் அதையே வாங்க நேர்ந்தால், முன் பம்பரையும் பக்கத் தகட்டையும் விற்பனையாளரின் கூரைக்கு வெளியே, வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பின்னாளில் பூச வேண்டி வந்தால், தெளித்த அட்டையைக் காரோடு வைத்துப் பகலில் நீங்களே பார்க்கும்வரை ஸ்ப்ரே கன்னைப் பம்பரின் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள்.