கிளினிக் கொப்பிக்குப் பத்துக்கு ஒன்பது, கவுண்டருக்கு மூன்று

பதினான்கு வருடமாக மாதம் ஒருமுறை ஒரே ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போய்வருகிறேன். சீனியும் பிறஷரும். சந்திக் கடையில் ரொட்டி வேகாமல் இருந்தால் நாலு பேரிடம் சொல்லாமல் விடமாட்டோம். இவ்வளவு காலம் போய்வந்த இடத்தைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. வன்னிக்குள், ஏ9 வீதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் தேட வேண்டாம்.

என்னைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கிளை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். சங்கக்கடைக் கவுண்டரின் உட்பக்கத்தில் நின்று தலை நரைத்தவன். வெளிப்பக்கத்தில் நிற்கப் பழகியது இந்தக் கிளினிக்கில்தான்.

கிளினிக் நாளில் அதிகாலை ஐந்தேகாலுக்கு எங்கள் ஒழுங்கை முகப்புக்கு பஸ் வரும். அதை விட்டால் அடுத்தது ஏழரைக்கு. அதில் போனால் மருந்து கைக்கு வருவதற்குள் வீட்டில் மத்தியானச் சோறு ஆறிவிடும். ஆறு மணிக்கு வாசலில் இறங்கும்போதே எனக்கு முன்னால் முப்பது கொப்பி இருக்கும். ஆட்களைச் சொல்லவில்லை, நோயாளிகள் கொண்டுவரும் கிளினிக் கொப்பிகளைத்தான் சொல்கிறேன். சீமெந்து வாங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பார்கள். சொந்தக்காரர்கள் வேப்பமரத்தின் கீழ் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஏற்பாட்டை எந்த அதிகாரியும் போடவில்லை. நோயாளிகள் தாங்களே உண்டாக்கியது. இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஆறரைக்குக் காவலாளி அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார், அங்கேதான் கோளாறு. முதலில் வந்தவரின் கொப்பி அடியில் இருக்கும், பதிவு மேசையிலோ மேலேயிருந்து எடுக்கத் தொடங்குவார்கள். "தம்பி, அடுக்கைக் கவிழ்த்து வையுங்கள்" என்று நான் காவலாளிக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் நிற்கும் நாள்களில் கவிழ்த்து வைக்கிறார்.

பிறகு நம்பர்கள். பதிவுக்கு ஒரு துண்டு, நிறையும் பிறஷரும் பார்க்க ஒரு துண்டு, வைத்தியருக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. நாலும் நாலு கையெழுத்தில் இருக்கும். எனக்குப் பக்கத்தில் இருக்கும் கிழவி நாலையும் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்து, ஒவ்வொரு கதவிலும் முடிச்சை அவிழ்த்து, "இதுவா பிள்ளை, இதுவா?" என்று நீட்டுவார். ஒரே நம்பரை நாலு இடத்திலும் செல்ல வைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? சங்கக்கடையில் மா, சீனி, மண்ணெண்ணெய் மூன்றையும் ஒரே துண்டில் கொடுத்தோம். அங்கேயும் கூட்டம் குறைவாக இருந்ததில்லை.

வைத்தியரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது இருப்பவர் தெற்கிலிருந்து வந்த இளம் பெண். தமிழ் பழகிக்கொண்டிருக்கிறார். முதல் மாதம் விரலால் காட்டித்தான் கேட்டார், இப்போது "நோ எங்கே, ஐயா?" என்று சரியாகக் கேட்கிறார். கிடைப்பது நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் கொப்பியைப் பார்க்கிறார், காலைப் பார்க்கிறார், முகத்தையும் பார்க்கிறார். மருந்துக் கவுண்டரும் பரவாயில்லை. 2022இல் நாடு முழுவதும் மருந்து தட்டுப்பட்டபோது பிறஷருக்கான லொசாட்டனை வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்தார்கள். சீனிக்கான மெற்போமினை எண்ணி எண்ணித் தந்தார்கள். அதை அவர்கள் குற்றமாக நான் எழுதமாட்டேன்.

இனிக் கொப்பி. இந்த விமர்சனத்தை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான். புத்தகக் கடையில் வாங்கும் சாதாரணக் கோடு போட்ட கொப்பி, பணம் நம்முடையது. கடதாசி உறை போட்டு, அதற்கு மேல் பொலித்தீன் போட்டால் இரண்டு வருடம் தாங்கும். வைத்தியர் பேனாவால் எழுதுவதும், தாதி பிறஷரைச் சிவப்பில் குறிப்பதும், இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒட்டுவதும் இதில்தான். அரசாங்கம் என்னைப் பற்றி எழுதுவதையெல்லாம் என் வீட்டு அலுமாரியில் நானே வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேறு எந்தத் திணைக்களத்தில் முடியும்? காணிக் கோப்பு மாவட்டக் கச்சேரியில் இருக்கும், பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும், நாம் போய்க் கெஞ்ச வேண்டும். கொப்பிதான் நம்மோடு வரும்.

இதன் பெறுமதி எனக்கு 2009இல் விளங்கியது. மே மாதம் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் மனிக் பாம் முகாமுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மனைவியின் கிளினிக் கொப்பி. தண்ணீர் பட்டுப் பக்கங்கள் பலகாரம்போல ஊதியிருந்தன. கூடாரத்தில் இருந்த வைத்தியர் அதை வெயிலில் விரித்துப் பிடித்து, கடைசிப் பக்கத்தில் இருந்த அளவைப் படித்து, அன்றே மருந்தைத் தொடர்ந்தார். எந்த அலுவலகத்தின் கோப்பும் எங்களோடு நடந்து வரவில்லை. அதனால்தான் பத்துக்கு ஒன்பது. ஒன்றைக் குறைத்தது, கொப்பி முடிந்தால் பழையதில் இருந்ததைப் புதியதில் எழுதித்தர யாரும் இல்லை என்பதற்காக.

பதிவுக் கவுண்டருக்கு மூன்று ஏன் என்று சொல்கிறேன். கடந்த வருடம் மனைவிக்குக் கண் மங்கியது. கண் கிளினிக்குக்கு எழுதித் தந்தார்கள். அங்கே பதிவு கணினியில். அடையாள அட்டை எண்ணை அடித்த பெண் கொப்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கொப்பியை மூடினார். "பெயர் வேறு, ஐயா." வேறு என்ன? மனைவியின் பெயர் ரகரத்தில் தொடங்கும். தமிழ் இலக்கணம் ரகரத்தைச் சொல்லுக்கு முதலில் நிற்கவிடாது. முன்னால், பெரும்பாலும், ஓர் இகரத்தைத் துணைக்கு அனுப்பும். பிறப்பைப் பதிந்தவர் இலக்கணம் படித்தவராக இருக்க வேண்டும், இகரம் போட்டார். கொப்பியில் பெயர் எழுதிய தாதி வாயால் சொன்னதை எழுதினார், இகரம் இல்லை. இரண்டும் ஒரு பெண்தான் என்று எங்கள் ஊரில் நாய்க்கும் தெரியும். ஆங்கிலத்தில் அடிக்கும்போது அந்த இகரம் முதல் எழுத்தாகிவிடுகிறது. கணினிக்கு அது வேறு மனுஷி.

"விதானையாரிடம் கடிதம் வாங்கி, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு வாருங்கள்." (கிராம அலுவலர் என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. கவுண்டருக்குள் இருப்பவரும் விதானையார் என்றுதான் சொல்கிறார்.) விதானையார் நல்ல மனிதர், ஆனால் அவரும் ஓர் அலுவலகம். இரண்டு பெயரும் ஒருவரே என்று தான் எழுதுவதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டால், விதானையாரின் கடிதம் வராமல் எப்படித் தருவது என்றார்கள். இப்படி மூன்று முறை போய்வந்தோம். பஸ் காசைக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், பழைய பழக்கம். மனைவி கடைசியில், "அந்த இகரத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?" என்று கேட்டார்.

நான் வேறு வழியில் போனேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாள்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: கண் கிளினிக் பதிவுக்கு விதானையார் கடிதம் கேட்கும் சுற்றுநிருபத்தின் இலக்கமும் திகதியும் எவை? பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது, நல்ல தமிழில். அப்படி ஒரு சுற்றுநிருபம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு அதே கவுண்டருக்குப் போனேன். பெண் வாசித்தார். கோபம் வரவில்லை. "எனக்கு முன்னால் இருந்தவர் இப்படித்தான் கேட்டார், ஐயா. நானும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பதிந்தார். மூன்று நிமிடம் ஆனது.

அந்தப் பெண் சொன்னதைக் கேட்டதும் எனக்குத்தான் முகம் சுருங்கியது. இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரண அட்டைக்குச் சங்கக்கடையில்தான் சாமான் கொடுத்தோம். ஒருநாள் ஒரு தாய், அட்டையில் ஐந்து பெயர், புதிதாகப் பிறந்த பிள்ளையோடு ஆறு பேர் என்றார். பிள்ளை கையிலேயே இருந்தது. பெயர் ஏறாமல் தரமுடியாது, விதானையாரிடம் போய்ப் பதிந்து வாருங்கள் என்றேன். எனக்கு முன்னால் இருந்த முகாமையாளரும் அப்படித்தான் சொல்வார். அன்று அரிசி மூட்டையில் மிச்சம் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கடிதம் கேட்காமல் வேலை செய்ய முடியாது என்பதல்ல. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்தார். வாசலில் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் கூப்பிடும் அம்புலன்ஸும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவு நெஞ்சு நொந்தபோது நான்தான் கூப்பிட்டேன். எந்த இடம், என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்கள். அவருடைய பெயரில் இகரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

மனைவியின் வலது கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, நன்றாகச் செய்தார்கள். இடது கண்ணுக்குத் திகதி தந்திருக்கிறார்கள். முதல் வேலையாகப் புதுக் கொப்பி வாங்கி, முகப்பில் பெயரை இகரத்தோடு நானே எழுதிவிட்டேன். தனக்கு அது யாரோ போல இருக்கிறது என்கிறார் மனைவி.