பத்துக்குப் பத்து அறையில் ரூம் கரெக்‌ஷன்: பஞ்சா, மென்பொருளா?

கடலூர் மஞ்சக்குப்பம் ஆகட்டும், புதுச்சேரி லாஸ்பேட்டை ஆகட்டும், வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருப்பவர்களின் அறைகள் அநேகமாக ஒரே அச்சில்தான் இருக்கின்றன. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ், பத்துக்குப் பத்து அல்லது பத்துக்குப் பன்னிரண்டு அளவு. படுக்கையறையாகக் கட்டிய இடத்தில் மேசை, இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், ஒரு கண்டென்சர் மைக் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், அறையால் கெடும் ஒலியை ஸ்பீக்கருக்குப் போகும் முன்பே ஈடுகட்டும் ரூம் கரெக்‌ஷன் மென்பொருள் வாங்குவதா, ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பேனல் அடிப்பதா என்ற கேள்வி வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் இலவச மென்பொருளால் அறையை அளக்க வேண்டும். அப்புறம் பேனல். மென்பொருள் கடைசியில். ஆனால் அதற்கும் முன்னால், உங்கள் வேலை பாடிப் பதிவு செய்வதா, மிக்ஸ் செய்வதா என்று தெளிவாகிவிட வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

மைக் பக்கம்

சவுண்ட்ஐடி, ஏஆர்சி போன்ற மென்பொருள்கள் கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்பவை. மைக் கேட்கும் ஒலியை அவை தொடுவதே இல்லை. பக்திப் பாடலோ கானாவோ டப்பிங்கோ, குரல் பதிவுதான் உங்கள் தொழில் என்றால் ரூம் கரெக்‌ஷனுக்குக் கொடுக்கும் பணம் பதிவில் ஒரு துளிகூடத் தெரியாது.

அந்தப் பக்கம் போட்டி எதிரொலி நீக்கும் ப்ளகின்களுக்கும் (பதிவு மென்பொருளில் சொருகும் துணை நிரல்கள்) மெத்தைக்கும்தான். ஐசோடோப் ஆர்எக்ஸில் இருக்கும் டீ-ரிவர்ப், வேவ்ஸின் கிளாரிட்டி விஎக்ஸ் டீரிவர்ப் எல்லாம் குரலுக்குப் பின்னால் நீளும் வாலை நன்றாகவே வெட்டுகின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பத்தடி அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் முதல் எதிரொலி சில மில்லி விநாடிகளுக்குள் வந்து குரலோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த டப்பாச் சத்தத்தை உரித்தெடுக்க ப்ளகினை அதிகம் திருகினால், ‘ம்’, ‘ன்’ என்று முடியும் சொற்களின் மெல்லிய ஓசையும் வாலோடு சேர்ந்து போய்விடும். தமிழ்ப் பாட்டில் இப்படி முடியும் சொற்கள் ஏராளம்.

இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால், மூலையை அடைத்தபடி நிறுத்துங்கள். கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கும். பாடுபவரின் பின்னால் உள்ள சுவர் அதன் நேர் பார்வையில் இருக்கிறது. மெத்தை அங்கே இருந்தால்தான் பயன். மைக்குக்குப் பின்னால் வைத்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. முட்டை அட்டையும் தெர்மாகோலும் இன்னும் பல சுவர்களில் ஒட்டப்படுகின்றன. அட்டை மெல்லியது, உயர் அலைவரிசையில் கொஞ்சம் கலைப்பதோடு சரி. தெர்மாகோலின் துளைகள் மூடியவை, காற்று உள்ளே போகாததால் ஒலியை அது உறிஞ்சுவது மிகக் குறைவு. குரல் பதிவைப் பொறுத்தவரை என் தீர்ப்பில் மெத்தை ஜெயிக்கிறது. ப்ளகின், வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த மோசமான பதிவைக் காப்பாற்ற மட்டும்.

அறை செய்யும் கணக்கு

இனி மிக்ஸிங். இங்கேதான் விஷயம் ஆழமாகப் போகிறது.

நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியை இரட்டித்து, அந்த எண்ணால் வேகத்தை வகுத்தால், அறை தானாக முழங்கும் முதல் அலைவரிசை கிடைக்கும். பத்தடிக்கு அது 57 ஹெர்ட்ஸ், பன்னிரண்டு அடிக்கு 48. நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தடி என்றால் மூன்றும் 57-லேயே வந்து குவியும், அவற்றின் இரண்டாம் மடங்கு 114-இல். ஆறு கட்டையில் போகும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டாரில் அதன் ஸட்ஜம் 55 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஸ்தாயி 110. இரண்டுமே அறையின் முழக்கத்துக்குப் பக்கத்தில் விழுகின்றன. ஸட்ஜம் வரும்போதெல்லாம் அறை குமுறும், நீங்கள் பேஸைக் குறைப்பீர்கள், காரில் போட்டுக் கேட்டால் பாட்டுக்கு அடித்தளமே இருக்காது.

அதே அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் தலைகீழ் கதை. முதல் முழக்கத்தின் அழுத்தம் நடுவில் ஏறக்குறைய பூஜ்யம், அங்கே 55 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரம், அதாவது பன்னிரண்டு அடிக்கு நாலரை அடி, உட்காரத் தொடங்க நல்ல இடம். நாற்காலியை நகர்த்தக் காசு எதுவும் தேவையில்லை.

பேனல் எதிர் மென்பொருள்

மென்பொருள் செய்வது சாராம்சத்தில் அலைவரிசை வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் வேலை. முழக்கத்தை அது அழகாகக் குறைக்கும். தாழ் அலைவரிசையில் 57 ஹெர்ட்ஸ் 8 டெசிபல் எகிறி நின்றால், அந்த 8-ஐ வெட்டும்போது நாற்காலி இருக்கும் இடத்தில் அதன் இழுவையும் (முழக்கம் அடங்க எடுக்கும் நேரம்) சேர்ந்து குறைகிறது. பேனலால் இது சுலபமாக முடியாது. 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீட்டருக்கும் மேல்; நாலு அங்குலப் பஞ்சு அதைப் பெரிதாகத் தடுக்காது. இந்த ஒரு இடத்தில் மென்பொருளின் கை ஓங்கியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

பள்ளம், அதாவது ஏதோ ஒரு அலைவரிசை அமுங்கிப்போவது என்று வந்தால் மென்பொருள் தோற்கும். ஸ்பீக்கரின் முகம் அதற்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 95 ஹெர்ட்ஸ் அருகே நேர் அலையை அழித்துவிடும். அதை நிரப்ப 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், திரும்பி வரும் அலையும் அதே அளவு வளரும், அழிவு அப்படியே இருக்கும். ஐந்து அங்குல வூஃபர் திணறுவதுதான் மிச்சம். ஸ்பீக்கரைச் சுவரோடு நெருக்கி, முகம் ஒரு அடித் தூரத்தில் வரும்படி வைத்தால் அதே பள்ளம் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே நாலு அங்குல ராக்வூலுக்குப் பிடி கிடைக்கும். நெருக்கியதால் கூடும் பேஸை யமஹா எச்எஸ்5 போன்ற மானிட்டர்களின் பின்னால் இருக்கும் ரூம் கன்ட்ரோல் சுவிட்சே 2 அல்லது 4 டெசிபல் குறைத்துத் தரும்.

உயர் அலைவரிசையில் பேனலுக்குப் போட்டியே கிடையாது. 1000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 35 சென்டிமீட்டர்தான். பக்கச் சுவரில் பட்டு வரும் எதிரொலி உண்டாக்கும் மேடு பள்ளம், தலையை ஒரு சாண் நகர்த்தினாலே இடம் மாறிவிடும். இதற்கு எந்தத் திருத்த வளைவும் பொருந்தாது. சுவரில் கண்ணாடியை நகர்த்தி, நாற்காலியிலிருந்து எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே ஒரு பேனல். அவ்வளவுதான்.

பேனல் செய்ய கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 50 மில்லிமீட்டர் ராக்வூல் இரண்டை அடுக்கி, மரச்சட்டத்தில் வைத்து, காடாத் துணி போர்த்தினால் போதும். கையுறை, முகமூடி கட்டாயம். இழை தோலில் ஏறினால் அரிக்கும். கடலோர ஊருக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரோடு பேனலை ஒட்டி அறையாதீர்கள், சட்டமும் துணியும் பூஞ்சை பிடிக்கும். நாலு அங்குலம் தள்ளி மாட்டினால் காற்றும் ஓடும், இன்னும் தாழ்ந்த அலைவரிசை வரை பேனல் வேலையும் செய்யும்.

எந்த மென்பொருள்?

லாட்வியாவின் சோனார்வொர்க்ஸ் தரும் சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ், உட்காரும் இடத்தைச் சுற்றி 37 புள்ளிகளில் அளக்கச் சொல்லும். பொறுமை வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும். கணினியின் மொத்த ஒலிக்கும் போடலாம், ப்ளகினாகவும் போடலாம். லீனியர் ஃபேஸ் என்ற முறையில் வைத்தால் தாமதம் கூடும், பாடுபவர் கேட்டுக்கொண்டே பாடும்போது ஜீரோ லேட்டன்சி (தாமதமில்லா) முறைக்கு மாற்றிவிடுங்கள். திருத்தத்தை முழுதாகப் போடாமல் பாதி கலக்கும் வசதி இருக்கிறது, நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஹெட்போன்களுக்கான திருத்தமும் இதில் வருவது பெரிய பலம்.

இத்தாலியின் ஐகே மல்டிமீடியா தரும் ஏஆர்சியில் எனக்குப் பிடித்தது, எந்த அலைவரிசை வரை திருத்தலாம் என்று வரம்பு வைக்க முடிவது. 300 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிட்டு மேலே உள்ளதைப் பேனலுக்கு விடலாம். ஏஆர்சி ஸ்டூடியோ என்ற பெட்டியை வாங்கினால் திருத்தம் கணினிக்கு வெளியே, மானிட்டருக்கு முன்னால் நடக்கும். பாட்டைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது ப்ளகினை அணைக்க மறந்து, திருத்தம் பாட்டுக்குள்ளேயே பதிந்துபோகும் ஆபத்து அதில் இல்லை. ஒலி இன்னொரு முறை டிஜிட்டலாகி மீண்டும் அனலாக் ஆகிறது என்பது மட்டும் அதற்கான விலை.

இந்த இரண்டுக்கும் நடுவே அடிக்கடி மறக்கப்படுவது, அறையை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட். இலவசம். தாழ்விலிருந்து உச்சம் வரை ஏறும் ஒரே ஸ்வீப் ஒலியில் மேடு, பள்ளம், முழக்கம் எத்தனை மில்லி விநாடி இழுக்கிறது என்பது வரை படமாகக் காட்டும். மினிடிஎஸ்பி யூமிக்-1 போன்ற, ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தக் கோப்போடு வரும் அளவீட்டு மைக் ஒன்று இருந்தால் போதும். படத்தைப் பார்த்து, எகிறி நிற்கும் இரண்டு மூன்று முழக்கங்களை மட்டும் சாதாரண ஈக்வலைசரில் வெட்டலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதை மானிட்டரிங் எஃபெக்ட்ஸ் இடத்தில் போட்டால் ஏற்றுமதியில் அது சேரவே சேராது. விண்டோஸில் மொத்த ஒலிக்கும் வேண்டுமென்றால் ஈக்வலைசர் ஏபிஓ இருக்கிறது, அதுவும் இலவசம்.

அளவீட்டுப் படம் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு இந்த வழிதான் சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் உங்களுக்காக முடிவெடுக்கிறது, அறையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம்தான் காட்டுகிறது. வாரத்துக்கு நாலு பாட்டு மிக்ஸ் செய்து கொடுக்க வேண்டும், அளந்து பார்க்க நேரமில்லை என்பவருக்கு சவுண்ட்ஐடி சரி.

எதை வாங்கினாலும் திருத்தத்தைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்குங்கள். திருத்தம் போட்டால் ஒலி சற்றுத் தணியும், சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும்.

பழைய வீடும் ஹெட்போனும்

புதுச்சேரி பழைய வீதிகளில் மரவிட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். பதினாலு அடி உயரத்தில் முதல் முழக்கம் 41 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், மூன்று அளவுகளும் வேறு வேறாக இருப்பதால் குவியலும் குறையும். ஆனால் சுண்ணாம்புச் சுவரும் காலி இடமும் எதிரொலியை நீளமாக இழுக்கும். அங்கே மென்பொருளை நினைக்கவே வேண்டாம். முதல் பணம் முழுவதும் பேனலுக்கும் கனத்த திரைக்கும்.

ஆடி மாதத்தில் தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் மானிட்டரில் எந்தத் திருத்தம் இருந்தும் மிக்ஸ் செய்ய முடியாது. அப்போது நல்ல திறந்த வகை ஹெட்போனும் கைகொடுக்காது, வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். மூடிய வகைதான் வேண்டும். ஆட்டோஈக்யூ என்ற இலவசத் தொகுப்பில் ஏராளமான ஹெட்போன்களுக்குத் திருத்த அளவுகள் இருக்கின்றன, உங்கள் மாடலைத் தேடி அந்த எண்களை ஈக்வலைசரில் போட்டுக்கொள்ளலாம். பேஸ் அளவைத் தீர்மானிக்க அறையை விட அது நம்பகமானது. இடது வலது பரவலையும் ரிவர்ப் அளவையும் மட்டும் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு மானிட்டரில் ஒருமுறை சரிபாருங்கள், ஹெட்போனில் இரண்டும் தவறாகவே தெரியும்.