பூட்டு நழுவும் மல்டிடூல்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மடக்குக்கத்தியின் பூட்டு நழுவினால் அலகு வந்து இறங்கும் இடம் விரல்தான். என் ஆள்காட்டி விரலுக்குத் தையல் போட்ட மருத்துவர், வெட்டு நரம்புக்கு மயிரிழை தள்ளி விழுந்திருக்கிறது என்றார். விரல் தேறிவிட்டது. ஆனால் அந்தக் கத்தி இருந்த மல்டிடூல் இப்போது வேறொரு பெயரில், அதே படங்களுடன் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலைப்பாதை நடைக்குக் கிளம்பும் முன் இணையச் சந்தை ஒன்றில் அந்த மல்டிடூலை வாங்கினேன். குறடு, பூட்டுள்ள கத்தி, ரம்பம், அரம், திருப்புளிகள் என இருபதுக்கும் மேற்பட்ட வேலைகளைச் செய்யும் என்று விளம்பரம். அலகில் 440சி என்று எஃகின் பெயரைப் பொறித்திருந்தார்கள். பெட்டியில் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று அச்சிட்டிருந்தது. வாங்கும் முன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விற்பனையாளர் உடனுக்குடன் பதில் சொன்னார். எஃகு அசல்தானா என்று கேட்டதற்கு, சான்றிதழே இருக்கிறது என்றார்.

முகாமில் கூடாரக் கயிற்றை அறுக்கும்போது அலகு பாதியில் சிக்கியது. கயிற்றிலிருந்து அதை விடுவிக்கப் பிடியைத் தூக்கினேன். பூட்டு விடுபட்டு, அலகு விரல்மேல் மடங்கியது. நான் எதையும் நெம்பவில்லை, முறுக்கவுமில்லை. கயிறு அறுப்பது எந்த மடக்குக்கத்தியும் செய்தாக வேண்டிய வேலை. அன்று மாலையே குறடும் போனது. அடுப்பின் சிறிய நட்டு ஒன்றை இறுக்கும்போது குறட்டின் மூக்கில் ஒரு பாதி முறிந்து விழுந்தது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், பொரபொரவென்று இருந்தது.

ஊர் திரும்பியதும் முறிந்த துண்டில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன்; ஒட்டவில்லை. எஃகுபோல் தெரிய முலாம் பூசிய துத்தநாகக் கலவை வார்ப்பு அது. பொம்மைகளுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் அந்த உலோகம் போதும். நட்டைத் திருகும் குறட்டுக்கு ஆகாது. இயந்திரப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் அலகைக் கடினமானியில் வைத்துச் சோதித்தார். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 50-ஐக்கூட அது தொடவில்லை. முறையாகப் பதமேற்றிய, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கிய 440சி எஃகு ஏறத்தாழ 58 முதல் 60 வரை நிற்கும்.

விற்பனையாளருக்குப் படங்களுடன் எழுதினேன். முதலில் காணொளி கேட்டார். அனுப்பியதும், 'இது பயன்பாட்டுத் தேய்மானம், உத்தரவாதத்தில் சேராது' என்றார். வாங்கிய முதல் பயணத்திலேயே முறிந்ததற்கு என்ன தேய்மானம் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பொதுவில் என் அனுபவத்தை எழுதிய பிறகுதான் அசைந்தார்: அதை நீக்கினால் பணத்தில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொன்னார். மறுத்தேன். சில நாளில் அந்தப் பொருளின் பக்கமே மறைந்துவிட்டது, என் விமர்சனமும் அதோடு போயிற்று.

பாராட்டு விமர்சனங்கள் எப்படி வந்தன என்பதும் பிறகு புரிந்தது. பழையவற்றை நான் சேமித்து வைத்திருந்தேன். அவற்றில் பல, 'வெளிச்சம் நன்றாக வருகிறது', 'என் பைக்கில் சரியாகப் பொருந்தியது' என்று பேசின. வேறு பொருளுக்கு வந்த நல்ல விமர்சனங்கள் சேர்ந்த பக்கத்தில், படத்தையும் தலைப்பையும் மாற்றி இந்தக் கருவியை விற்றிருக்கிறார்கள். எனவே விமர்சனங்களை எப்போதும் தேதி வரிசையில், பழையதிலிருந்து படியுங்கள். அவை வேறு ஏதோ பொருளைப் பற்றிப் பேசினால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பூட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான். நான் வாங்கியதில் இருந்தது லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று, கத்தியைத் திறந்ததும் உள்பக்கமாக வளைந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். நல்ல கத்தியில் அந்தத் தகடு அலகின் அடியில் தெளிவாக உள்ளே ஏறி, முழுப் பரப்பும் படிய உட்காரும். என்னுடையதில் அது விளிம்பை மட்டும் தொட்டு நின்றது. புதிதாக வாங்கிய கத்தியைத் திறந்து, பிடிக்குள் எட்டிப் பாருங்கள். பிறகு அலகு மடங்கும் பாதையில் விரல் ஒன்றுகூட இல்லாதபடி பிடியைப் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு சற்றே அசைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பூட்டே இல்லாத கத்தி மோசம் என்று நான் சொல்லவில்லை. விக்டோரினாக்ஸின் சிறிய பேனாக்கத்திகளில் அலகை நிறுத்துவது வில் (ஸ்பிரிங்) ஒன்றுதான், பூட்டு கிடையாது. அதை வைத்திருப்பவர் அதற்கேற்ப எச்சரிக்கையுடன் பிடிப்பார். பொய்ப் பூட்டு அதைவிடக் கொடியது, அதை நம்பி அலகின் பாதையில் விரலை வைத்துவிடுகிறோம். எளிமையும் உறுதியும் சேர்ந்த பூட்டு வேண்டுமென்றால் ஒப்பினெல் கத்தியைப் பாருங்கள். 1955-இல் வந்த அதன் சுழல் வளையம், திருப்பியதும் அலகின் பாதையையே அடைத்துவிடுகிறது. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

எஃகின் பெயரைப் பொறிக்க யாராலும் முடியும். 440 என்று மட்டும் போட்டு எழுத்தை விட்டிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஏ, பி, சி என்று அதில் மூன்று வகை உண்டு. 440ஏ-யில் கரிமம் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95 முதல் 1.20 வரை. 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஜப்பானிய எஃகு' என்பவை எந்தத் தரத்தையும் குறிக்கவில்லை. அடுக்கடுக்கான எஃகால் அலை வரிகள் தெரியும் 'டமாஸ்கஸ்' என்று விற்பவற்றில் பல, சாதாரண அலகின்மேல் அச்சடித்த வரிகள்தான். உண்மையானதில் அந்த அடுக்குகள் அலகின் முதுகிலும் தொடர்ந்து தெரியும். எஃகின் பெயர் உண்மையாகவே இருந்தாலும், பதம் ஏற்றாவிட்டால் பயனில்லை. விக்டோரினாக்ஸ் அலகு ஏறத்தாழ 56 ராக்வெல்தான், விலை உயர்ந்த எஃகும் அல்ல. ஆனால் சொன்ன பதம் அப்படியே இருக்கும், எளிதாகச் சாணை பிடிக்கலாம், சட்டென்று துருப்பிடிக்காது. எனக்கு அது போதும்.

மல்டிடூலில் எத்தனை வேலை என்று எண்ணாதீர்கள். அளவுகோல் கோட்டையும் திருப்புளி முனை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணித்தான் இருபது முப்பது என்று போடுகிறார்கள். டிம் லெதர்மேன் 1975-இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, சட்டைப்பைக் கத்தியில் குறடும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்ததிலிருந்து பிறந்த கருவி அது. அதில் முதலில் பார்க்க வேண்டியது குறட்டைத்தான். காந்தம் வைத்துப் பாருங்கள். மூக்கை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நுனிகள் நேராகச் சேர்கின்றனவா என்று பாருங்கள். குறட்டின் இரு பாதிகளையும் இணைக்கும் ஆணியில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள்.

அதே விற்பனையாளர் தலைவிளக்கு, தூங்கும் பை (ஸ்லீப்பிங் பேக்) எல்லாம் வைத்திருந்தார், அவற்றின் எண்களும் இதே ரகம். தலைவிளக்கில் போடும் 18650 அளவு மின்கலத்தில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது பொய். அந்த அளவு கலத்தில் நல்ல தயாரிப்பாளர்களே 3500-ஐ ஒட்டித்தான் தருகிறார்கள். தூங்கும் பையில் ஒரே ஒரு வெப்பநிலை இருந்தால் அது எது என்று கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 23537 தரத்தில் சுக வெப்பநிலை, எல்லை வெப்பநிலை, உச்ச வெப்பநிலை என்று தனித்தனியாக இருக்கும். உச்சம் என்பது உயிர் பிழைப்பதற்கான கணக்கு, தூங்குவதற்கானது அல்ல. கயிற்றில் தொங்கப் பயன்படும் காராபைனர் என்ற கொக்கியில், அது தாங்கும் விசையைச் சொல்லும் கிலோநியூட்டன் அளவும் தர எண்ணும் பொறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது சாவி மாட்டத்தான்.

உத்தரவாதம் என்றால் அதைத் தருபவர் யார், எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். லெதர்மேன் நிறுவனம் தன் பெரும்பாலான கருவிகளுக்கு 25 ஆண்டு தருகிறது. அனுப்ப முகவரி இருக்கிறது, பழுதுபார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். என் பெட்டியில் இருந்த வாழ்நாள் உத்தரவாதத்தில் நிறுவனத்தின் பெயர்கூட இல்லை. பெயர் பெற்ற நிறுவனங்களின் போலிகளும் தாராளமாக உலவுவதால், தயாரிப்பாளரின் தளத்தில் அங்கீகரித்த விற்பனையாளர் பட்டியலைப் பார்த்து அங்கே வாங்குங்கள்.

இதே கருவி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், கத்தியைத் திறக்காதீர்கள். பிடியோடு சேர்த்து நாடாவால் சுற்றிவிடுங்கள். பெட்டி, படங்கள், விற்பனையாளருடன் நடந்த உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். சந்தை நடத்தும் தளத்தில் புகார் கொடுங்கள். அட்டை வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் வங்கியில் பரிவர்த்தனை மறுப்பு (சார்ஜ்பேக்) பதிவு செய்து பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். விற்பனையாளர் சொன்ன 'சான்றிதழை' அனுப்பச் சொல்லி நான் எழுதிய கடிதத்தையும், பட்டறைச் சோதனை முடிவையும், முறிந்த குறட்டின் படத்தையும் வங்கிக்கு அனுப்பினேன். முழுப் பணமும் அந்த வழியில்தான் திரும்பியது. விற்பனையாளரிடமிருந்து சான்றிதழும் வரவில்லை, ஒரு வரி பதிலும் வரவில்லை.