இசைத்தட்டா, செல்போனா? செட்டிநாட்டு வீட்டுக்கு எது சரிப்படும்

நான் இசைத்தட்டுப் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது. வருஷம் முழுக்கக் காரைக்குடியில்தான் குடியிருக்கிறேன். பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், டர்ன்டேபிள் என்கிற தட்டு சுற்றும் மெஷின் இருக்கிறது, சாயங்காலப் பாட்டு அதில்தான். ஆனாலும், ஊர் வீட்டில் ஒரு செட் வாங்கிப் போடலாமா என்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்கிற பங்காளிகளில் பாதிப் பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

டிஜிட்டலுக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுவோம். துல்லியத்தை அளந்து பார்த்தால் அதுதான் ஜெயிக்கும். 1982-இல் வந்த சிடியே 16 பிட்டில் ஏறக்குறைய 96 டெசிபெல் வீச்சை, அதாவது மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவிலான இடைவெளியை, தாங்கும். நல்ல எல்பி (நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிற வினைல் பிளாஸ்டிக் தட்டு) 70-ஐ எட்டினாலே பெரிது. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு அரை மீட்டர் தடம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ வருகிற இடமெல்லாம் கரகரப்பது அதனால்தான். செலவு, இடம், சுமை எதிலும் போனோடு போட்டியே இல்லை. தட்டில்தான் இசைக்கு உயிர் இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிறகு ஏன் தட்டு? எல்பியின் ஒரு பக்கம் இருபது, இருபத்திரண்டு நிமிடம். போனில் ஒரு கீர்த்தனை சரணத்துக்கு வருவதற்குள் என் விரல் அடுத்ததைத் தேடும். தட்டு ஓடும்போது, எழுந்து போய் ஊசியைத் தூக்கச் சோம்பல்பட்டே பக்கம் முழுவதையும் கேட்டுவிடுகிறேன். இதைப் பெரிய ரசனை என்று சொல்ல மாட்டேன், சோம்பேறித்தனம்தான். ஆனால் பலன் இருக்கிறது.

இன்னொன்று, வீட்டு அலமாரியில் இருப்பதெல்லாம் இணையத்தில் இல்லை. ஏவி.எம். படக் கம்பெனியைத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஒடியன் கம்பெனித் தட்டுகளை விற்றவர். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டதெல்லாம் அதற்கு அப்புறம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிற அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுகள், நாயனம், நாடக செட்டு என்று, நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. இணையத்தில் கிடைக்கிற பழைய பாட்டிலும், பிற்பாடு எதிரொலியும் தாளமும் சேர்த்து ‘மெருகேற்றிய’ பதிப்பு வந்து மாட்டும். உரிமை ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் பட்டியலிலிருந்து போய்விடும்.

இதெல்லாம் இருந்தும் நான் பாதிப் பேரைத் தடுப்பதற்குக் காரணம் பராமரிப்பு. தட்டுக்கு ஆள் வேண்டும். பணம் இருந்து ஆள் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை.

ஒரு விதத்தில் நம் வீடு தட்டுக்கு நல்ல வீடு. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் கனமானது. வளவை (முற்றமுள்ள உள்கட்டை) சுற்றியிருக்கிற அறைகள் சித்திரை வெயிலிலும் குளிர்ந்தே இருக்கும். எல்பியின் வினைல் 60 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும் என்றாலும், சாய்த்து வைத்த தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டும் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மெல்ல வளைந்துவிடும். ஆகவே கீழ்க்கட்டு அறையில், நேராக நிறுத்தி வைக்க வேண்டும். ஓட்டுக்கு அடியில், மாடி அறையில் கூடவே கூடாது.

கெடுதலும் அதே வீட்டில்தான் இருக்கிறது. முற்றம் திறந்திருப்பதால் செம்மண் தூசி நாள் தவறாமல் உள்ளே வரும். தூசி படிந்த தட்டில் ஊசியை வைத்தால் தடம் தேயும், ஊசியும் தேயும். வைர ஊசி ஐந்நூறு மணி நேரத்திலிருந்து ஆயிரம் மணி நேரம் வரை தாங்கும் என்பது சுத்தமான தட்டுக்குச் சொன்ன கணக்கு. ஐப்பசி மழையில் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். கரையானுக்கு அட்டை என்றால் கேட்கவே வேண்டாம். ஆள் இருக்கிற வீட்டில் இது ஒன்றும் பெரிய வேலையில்லை: போடுவதற்கு முன் பிரஷ்ஷால் ஒரு துடைப்பு, அழுக்கு ஏறினால் டிஸ்டில்டு வாட்டர், அடைமழை விட்டதும் அலமாரியைத் திறந்து காற்றாட விடுவது. அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டில் இதையெல்லாம் யார் செய்வார்கள்? வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் முற்றத்தைக் கூட்டுவார், விளக்கேற்றுவார். அவரிடம் உறையை உதறிப் பூஞ்சை பார்க்கச் சொல்வது நியாயமில்லை. மெஷினும் சும்மா கிடந்தால் கெடும். பெல்ட் ஒரே இடத்தில் இழுபட்டு நின்று உருமாறும், மசகெண்ணெய் பிசினாகும், ஊசியைத் தாங்குகிற ரப்பர் இறுகும். வருஷத்துக்கு ஒருமுறை வந்து பொத்தானை அமுக்கினால் பாட்டு அழுதுகொண்டுதான் வரும்.

அமெரிக்காவிலிருந்து மெஷின் கொண்டுவர நினைப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சார அலைவரிசையைப் பிடித்துச் சுற்றுகிற பழைய மோட்டார் என்றால், டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டேஜைச் சரிசெய்தாலும் வேகம் சரியாகாது. 33⅓ சுற்ற வேண்டியது 28-க்குக் கீழே இறங்கும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய அம்மாள் மூன்று கட்டைக்கு வந்துவிடுவார். சிங்கப்பூரும் மலேசியாவும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கிருந்து வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை.

விலையைப் பற்றி அளவாகத்தான் பேச முடியும். பழைய தட்டுகளே அதிகம் வாங்கியிருக்கிறேன், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொடங்கி. வாங்கியதைத் திருப்பி விற்றதில்லை. அதனால் ‘முதலீடு’ என்று சொல்பவர்களுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. பளபளக்கிற பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் பெட்டியைப் பார்த்தால் மட்டும் நிதானம் வேண்டும். புதிதாகச் செய்து பழசுபோல் ஆக்கியதும் சந்தையில் உண்டு. அதன் கனத்த தலையில் இரும்பு ஊசியை மாட்டி எல்பியை ஓட்டினால் ஒரே தடவையில் தடம் உழுதுபோய்விடும்.

ஆக, ஊரிலேயே இருப்பவர் தாராளமாகத் தட்டு வாங்கலாம். ஊசியின் அழுத்தம் இரண்டு கிராம் அளவில் வைக்கத் தோதான, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலை) மாற்றக்கூடிய மெஷினாகப் பாருங்கள்; ஐந்து கிராம் அழுத்துகிற சூட்கேஸ் பிளேயர் வேண்டாம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவருக்கு டிஜிட்டல்தான். வீட்டுத் தட்டுகளை 24 பிட்டில் பதிவுசெய்து, ஒலி குறையாமல் சுருக்குகிற FLAC கோப்பாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். 78 சுற்றுத் தட்டின் தடம் அகலமானது. பதிவு செய்கிறவரிடம் அதற்கான தடித்த ஊசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தட்டுகளை நீங்களே காரில் கொண்டுபோவதானால் பெட்டியில் நிறுத்தி அடுக்கி, இடுக்கில் துணி திணியுங்கள். திருச்சியில் சாப்பிட நிறுத்தும்போது காரை நிழலில் விட இடம் கிடைக்காவிட்டால், பெட்டியையும் ஓட்டலுக்குள் தூக்கிப்போய்விடுங்கள்.