ஆறடி மடக்குச் சாய்தளம்: குமரி மாவட்ட வீடுகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்?

சக்கர நாற்காலியில் இருப்பவரை இரண்டு பேர் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிப் படியேற்றி விடுவதைப் பெரிய உதவி என்றே நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். தூக்கப்படுகிறவருக்கு அது கூச்சத்தையும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தையும் தருகிறது. தூக்குகிறவர்களின் இடுப்புக்கும் அது நல்லதல்ல. என் அக்கா சக்கர நாற்காலியைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, இந்தத் தூக்கலுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று கான்கிரீட் சாய்தளம், வெல்டிங் பட்டறையில் செய்யும் இரும்புச் சாய்தளம், நிலைப்படிக்கு மட்டும் வைக்கும் ரப்பர் ஆப்பு, மின்சார மேடைத் தூக்கி, அலுமினிய மடக்குச் சாய்தளம் ஆகிய எல்லாவற்றையும் விசாரித்தோம். கடைசியாகச் சொன்னதை இணையம் வழியாக வாங்கி, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் பயன்படுத்திப் பார்த்துவிட்டதால், தக்கலைப் பக்கம் எங்களைப் போலப் படி உயர்ந்த வீடுகளில் வாழ்கிறவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

பொருளின் அமைப்பு எளியது. நீளவாக்கில் இரண்டாக மடங்கும் ஆறடி அலுமினியப் பலகை. மடித்தால் பெட்டி போலக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் செல்லலாம். எடை ஏறத்தாழ 17 கிலோ. மேற்பரப்பில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் வழிதவறி விழாமலிருக்க இரண்டு ஓரத்திலும் விளிம்பு எழும்பி நிற்கிறது. உள் அகலம் 72 செ.மீ.; பெரியவர்களுக்கான சாதாரண நாற்காலி 65 செ.மீ. வரை இருப்பதால், பக்கத்துக்கு இரண்டு விரல் இடம்தான் மிஞ்சும். தாங்கும் எடை 270 கிலோ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அக்காவும் நாற்காலியும் பின்னால் தள்ளுகிற நானும் ஒரே நேரத்தில் ஏறியபோதும் பலகை வளையவில்லை, முனகவுமில்லை. தயாரிப்பின் உறுதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை இருப்பது, எவ்வளவு உயரத்துக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று விற்பனையாளர் சொல்கிற இடத்தில். ஆறடிப் பலகை 12 அங்குல உயரம் வரை பொருந்தும் என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறது. அப்படியானால் ஓர் அடி ஏற ஆறு அடி நீளம், அதாவது ஆறுக்கு ஒன்று என்ற சரிவு. கட்டடங்களுக்கான இந்திய வழிகாட்டு நெறிமுறைகள் சாய்தளத்துக்கு ஏற்றுக்கொள்ளும் சரிவு 12-க்கு ஒன்று. நம் கொத்தனார்களிடம் சொல்வதற்கு இதைவிட எளிதான கணக்கு இல்லை: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அந்தக் கணக்குப்படி ஆறடிப் பலகை ஆறங்குல உயரத்துக்கு, அதாவது ஒரே ஒரு படிக்குத்தான். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 83 கிலோ இருந்தால், 12-க்கு ஒன்று என்ற சரிவில் தள்ளுகிறவர் ஏறத்தாழ 7 கிலோ எடையை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஆறுக்கு ஒன்று என்ற சரிவில் அது 14 கிலோவை நெருங்கிவிடும். திடமான இளைஞர் ஒருவர் தள்ளும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அறுபதைத் தாண்டிய அம்மா தள்ளும்போதும், நாற்காலியில் இருப்பவரே கையால் உருட்டி ஏறும்போதும் அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அக்காவால் ஒரு படியைத் தனியாகவே உருட்டிக் கடக்க முடிகிறது. இரண்டு படி உயரத்துக்கு இதே பலகையைப் போட்டபோது, பாதி தூரத்தில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழத் தொடங்கின. பின்னால் நான் நின்றதால் ஆபத்தில்லை. பெட்டியில் உள்ள எண்ணை நம்பித் தனியாக ஏறுகிறவர் மல்லாந்து விழ நேரும். இதை நிறுவனம் தெளிவாக, தமிழிலும், எழுதியே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் குறிப்புத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் மாவட்டம் என்பதால் இங்கே அடித்தளத்தை உயர்த்தித்தான் கட்டுவார்கள். முற்றத்திலிருந்து சிட்-அவுட்டுக்கு, அதாவது வாசல் முகப்புத் திண்ணைக்கு, மூன்று படி என்பது சாதாரணம். பழைய ஓட்டு வீடுகளில் அதற்கு மேலும் இருக்கும். மூன்று படி என்றால் 18 அங்குலம், அதற்கு வேண்டியது 18 அடிச் சாய்தளம். படியேறியதும் கதவின் நிலைப்படி வேறு குறுக்கே நிற்கும். பழைய மர நிலைகளில் கீழ்க்கட்டை மூன்று, நான்கு அங்குலம் எழும்பியிருப்பதுண்டு. நெறிமுறைகள் அனுமதிப்பதோ 12 மில்லிமீட்டர்தான். போதாததற்கு சிட்-அவுட்டின் அகலம் பல வீடுகளில் நான்கடி. நாற்காலி சுற்றித் திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் தேவைப்படுவதால், ஏறிவிட்டாலும் கதவை நோக்கித் திரும்ப முடியாமல் நிற்க நேர்கிறது. ஆகவே சொந்த வீட்டு வாசலுக்கென்று இதை வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கொத்தனாரிடம் கொடுத்து, முற்றத்தின் ஓரமாக நிரந்தரச் சாய்தளம் ஒன்றைக் கட்டுவதே அறிவுடைமை. நேராக 18 அடி கிடைக்காவிட்டால், திரும்பும் இடத்தில் ஒன்றரை மீட்டர் சதுர மேடை விட்டு ட வடிவில் மடக்கலாம். பளபளக்கும் டைல்ஸ் கூடவே கூடாது. சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கீறிவிடச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பாசி பிடிப்பதைத் தவிர்க்க முடியாது, அவ்வப்போது பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடியும், ஓரத்தில் சக்கரத்தைத் தடுக்கும் சிறு கட்டையும் அவசியம். நாங்கள் வீட்டுக்கு அப்படித்தான் கட்டினோம். நிலைப்படிக்கு மட்டும் ரப்பர் ஆப்பு வைத்திருக்கிறோம்.

அப்படியானால் மடக்குச் சாய்தளம் எதற்கு? நாம் போகிற இடங்களுக்கு. காரின் பின்னால் அதை வைத்துக்கொண்ட பிறகு, அக்கா எங்கள் சித்தி வீட்டுக்குப் போகிறாள், கோவிலுக்குப் போகிறாள், நாகர்கோவிலில் நடக்கும் கல்யாணங்களுக்குப் போகிறாள். முன்பெல்லாம் பத்திரிகை வந்தால், “உங்களுக்குச் சிரமம், நான் வரல” என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அந்தப் பேச்சு இப்போது இல்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும் என்று நான் கருதுகிறேன்.

பயன்படுத்தும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. மேல்முனையில் நாக்கு போல நீண்டிருக்கும் தகடு முழுமையாகப் படியின் மேல் உட்கார வேண்டும். வழுவழுப்பான கிரானைட் படியில் அது மெல்லப் பின்னால் நழுவும். அதற்குத் தகட்டில் துளை விட்டிருக்கிறார்கள், கயிறு கோத்து அருகிலுள்ள தூணில் கட்டிவிடலாம். கீழே தரை மேடுபள்ளமாக இருந்தால் பலகையின் இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் அமராமல், நடுக்கீலில் ஒரு சிறு மேடு உண்டாகும். சரிவு கூடினால் ஏறத் தொடங்கும் இடத்தில் நாற்காலியின் கால்பலகை சாய்தளத்தில் உரசும். இறங்கும்போது தள்ளுகிறவர் முதலில் பின்னோக்கி இறங்கி, நாற்காலியைத் தன் உடம்பால் தாங்கியபடி கொண்டு வர வேண்டும். முகம் முன்னோக்கி இறக்கினால் அமர்ந்திருப்பவர் சரிந்து விழ வாய்ப்புண்டு.

மழையில் சொரசொரப்புப் பட்டை நன்றாகவே பிடிக்கிறது. வெல்டிங் பட்டறைக்காரர் பரிந்துரைத்த புள்ளித்தகட்டு இரும்புச் சாய்தளத்தை நாங்கள் தவிர்த்ததற்கு ஈரத்தில் அது வழுக்கும் என்பது ஒரு காரணம்; உப்புக்காற்றில் துரு ஏறும் என்பது இன்னொன்று. அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது. ஆனால் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அலுமினியத்தோடு வேறு உலோகத் திருகாணி சேரும் இடத்தில் உப்பீரம் பட்டால், வெள்ளைப் பொடி பூத்து அரிப்புத் தொடங்கும். கடற்கரைக்குப் போய்வந்த பின் எங்கள் பலகையின் கீல்களில் அதைக் கண்டேன். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் அது மேற்கொண்டு பரவுவதில்லை.

இது உதவாத இடங்களும் உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்துவிட்டது. ஆயினும் அங்கே போய்ச் சேரப் படகு ஏறியாக வேண்டும். அலையோடு சேர்ந்து ஆடும் படகில் இப்படி ஒரு பலகையைச் சாய்ப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது. பத்மநாபபுரம் அரண்மனையின் செங்குத்தான மரப்படிகளுக்கும் இதில் விடை கிடையாது.

கல்யாண மண்டபத்துக்கும் வழிபாட்டு இடத்துக்கும் நாங்களே சாய்தளம் சுமந்து போவது நியாயமா என்ற கேள்வியையும் இங்கே கேட்டாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுக் கட்டடம் என்பதில் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும், சமய, பண்பாட்டு நிகழ்வுகளுக்கான இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஏற்கெனவே உள்ளவற்றை, விதிகள் வெளியாகி 5 ஆண்டுக்குள் மாற்றியமைக்கும்படி அதன் 45-ஆம் பிரிவு கூறுகிறது. விதிகள் வந்தது 2017-இல். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதியைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு மண்டபத்தில் எங்கள் பலகையைப் பார்த்த மேலாளர், “இது எங்க கிடைக்கும்? நாங்களும் ஒண்ணு வாங்கி வைக்கலாமே” என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் நான்கு படி கொண்ட அந்த வாசலுக்கு இது போதாது என்று விளக்கி, 24 அடி நீளத்துக்கான அளவுகளைத் தாளில் வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

விலை எங்களுக்கு 20,000 ரூபாயை ஒட்டி வந்தது. உறவினர் வீடுகளில் ஒன்றிரண்டு படிதான் என்றால் ஆறடி போதும். இரண்டு படி என்றால் நாற்காலியின் பின்னால் கட்டாயம் ஒருவர் வேண்டும். பத்தடிப் பலகை சரிவைக் குறைக்கும் என்றாலும், அதை ஒருவரே தூக்க முடியாது, சிறிய காரில் அடங்கவும் அடங்காது. வாங்குவதற்கு முன், அடிக்கடி போகிற நான்கைந்து வாசல்களின் உயரத்தை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சொரசொரப்புப் பட்டை தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் கீழ்முனைப் பட்டை இப்போதே தேயத் தொடங்கிவிட்டது.