“வசனமே கேட்கலை, ஒரே இருட்டு”: 2020 முடக்கத்தில் வீட்டுத் திரைக்கு வந்த படங்கள்

கோவிட் காரணமாக 2020 மார்ச் 17-ல் தமிழ்நாட்டில் தியேட்டர்கள் மூடின. மறுபடி திறந்தது நவம்பர் 10-ல். முதல் நான்கு மாதத்தில் டிவியிலும் போனிலும் பார்த்த படங்களைப் பற்றி வீட்டுக்கு வீடு இரண்டு புகார்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. வசனம் கேட்கவில்லை என்பது ஒன்று, ஒரே இருட்டாக இருக்கிறது என்பது இன்னொன்று. அந்தப் புகார்களில் பாதிக்கு மேல் படத்தின் தப்பே இல்லை. டிவி, ஸ்பீக்கர், நெட் இவற்றின் தப்பு. மீதி உண்மையாகவே படத்தின் தப்பு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அந்தப் படங்களுக்கு நியாயமாக மதிப்பெண் போட முடியும்.

நெட்டிலிருந்து தொடங்கலாம். மார்ச் 24-ல் நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம், ஹாட்ஸ்டார், யூடியூபை நடத்தும் கூகுள் உட்பட எல்லாருமாகச் சேர்ந்து, மொபைல் இணைப்பில் 480பி-க்கு, அதாவது சாதாரணத் தரத்துக்கு, மேல் தருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். முதலில் சொன்ன கெடு ஏப்ரல் 14. அந்த மூன்று வாரத்தில் போனில் படம் பார்த்து “ஒளிப்பதிவு மங்கல்” என்று எழுதியவர்கள் பார்த்தது படத்தின் நிழலைத்தான். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் சாதாரணத் தரத்துக்கு மணிக்கு 1 ஜிபி வரையும், எச்டிக்கு 3 ஜிபி வரையும் செலவாகும். நாளுக்கு 1.5 ஜிபி பேக்கில் இரண்டரை மணி நேரப் படம் இடைவேளையைத் தாண்டியதும் நின்றுபோகும். அதற்குப் பலர் கண்டுபிடித்த வழி சரியானது: இரவு 11 மணிக்கு டவுன்லோடைத் தொடங்கி அன்றைய மிச்சத்தைத் தீர்த்துவிட்டு, 12 மணிக்குப் புது நாளின் டேட்டா வந்ததும் மீதியை இறக்குவது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வைட்வைன் எல்-1 என்ற நகல்தடுப்புச் சான்று இல்லாத போனில் எந்தத் தரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் எச்டி வராது.

படங்களுக்கு வருவோம். அந்த மார்ச்சில் உலகமே தேடிப் பார்த்தது, கொள்ளைநோய் ஒன்றைப் பற்றி ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘கன்டேஜியன்’. 2011-ல் வந்தது, 106 நிமிடம். அப்போது கிடைத்தவற்றில் வீட்டுத் திரைக்கு இவ்வளவு பொருந்திய படம் வேறில்லை. 1.85 அகல-உயர விகிதத்தில் எடுத்தது என்பதால் 16:9 டிவியில் மேலும் கீழும் நூலளவு கறுப்புதான் நிற்கும். 2.39 சினிமாஸ்கோப் படமாக இருந்தால் திரையின் உயரத்தில் கால்வாசி கறுப்புப் பட்டைக்கே போய்விடும். தொடக்கத்தில் சில நொடிகள் வெறும் கறுப்பும் ஓர் இருமல் சத்தமும்தான். ஸ்ட்ரீமிங் நின்றுவிட்டது என்று நினைத்து ரிமோட்டை அழுத்த வேண்டாம். மஞ்சளும் நீலமுமாக மாறி மாறி வருவதும் டிவியின் நிறக் கோளாறு இல்லை, இயக்குநர் வேண்டுமென்றே பூசியது. ஒளிப்பதிவும் அவர்தான், பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற புனைபெயரில்.

படம் ‘இரண்டாம் நாள்’ என்ற எழுத்தோடு தொடங்குகிறது. கடலைக் கிண்ணம், கைமாறும் கார்டு, வாய்வைத்த கண்ணாடி டம்ளர் என்று கேமரா பொருட்களின் மேலேயே நிற்கிறது. யாரும் எதையும் விளக்குவதற்கு முன்பே பார்ப்பவர் தன் கையை முகத்திலிருந்து எடுத்துவிடுவார். கேட் வின்ஸ்லெட் பலகையில் ஆர்-நாட் எழுதிக் காட்டும் இடம்தான் படத்தின் உயிர். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்ற அந்த எண்ணை ஃப்ளூ, பெரியம்மை, போலியோ என்று ஒப்பிட்டு ஒரே நிமிடத்தில் புரியவைத்துவிடுகிறார். கிருமியைச் செல்லில் வளர்க்க முடியாமல் ஆய்வகம் தடுமாறுவது, கடைசியில் வௌவால் செல்லில் அது வளர்வது, தடுப்பூசியைப் பிறந்த தேதிக் குலுக்கலில் கொடுப்பது எல்லாம் யோசித்து எழுதியவை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிருமியியலாளர் இயன் லிப்கின் படத்துக்கு ஆலோசகர். அந்த உழைப்பு தெரிகிறது.

ஆனாலும் 2020-ல் இந்தப் படத்தைப் பலர் பாடப்புத்தகம் போல நம்பினார்கள். அங்கேதான் எச்சரிக்கை தேவை. மனிதர் நாளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை முகத்தைத் தொடுவார் என்கிறது படம். 2015-ல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களைக் கவனித்து எண்ணியபோது வந்தது மணிக்கு 23 முறை. விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் நானூறைக்கூட எட்டாது. அதைவிடப் பெரிய விஷயம், படத்தின் கிருமி தொட்ட பொருள் வழியாக ஓடுகிறது; கோவிட் முக்கியமாகக் காற்று வழியாகப் பரவியது. பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்த வீடுகளுக்கு இந்தப் படம் சரியான வழியைக் காட்டவில்லை. படத்தில் நோய் வந்தவர் சீக்கிரமே விழுந்துவிடுகிறார். அறிகுறியே இல்லாமல் நடமாடிப் பரப்புகிறவர், அதாவது 2020-ன் முழுச் சிக்கல், இங்கே கிடையாது. திரைக்கதையிலும் ஒரு ஓட்டை உண்டு. மரியோன் கோத்தியார் வரும் கிளைக்கதையை நடுவில் தொலைத்துவிட்டு, முடியும் நேரத்தில் ஞாபகம் வந்ததுபோலத் திரும்ப எடுக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டாலும் மறுபடி பார்க்கத் தகுந்த படம்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது ஆஷிக் அபு இயக்கிய மலையாளப் படம் ‘வைரஸ்’. 2018 மே மாதம் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் 17 உயிர்களைப் பறித்த நிபா பரவலைப் பற்றியது. 2019 ஜூனில் வெளியாகி, முடக்கத்தில் பலரும் பிரைமில் பார்த்தது. என் தீர்ப்பில் ‘கன்டேஜிய’னைவிட ஒரு படி மேல். அமெரிக்கப் படத்தில் நோயை விரட்டுவது ஆய்வகம். இங்கே வார்டு அட்டெண்டர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், இறந்தவரின் உடலை எப்படி அடக்கம் செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் டாக்டர், கலெக்டர், அமைச்சர் என்று ஒரு அரசு மருத்துவமனையின் மொத்தப் பாரமும் திரையில் இறங்குகிறது. நம் ஊர் ஜி.எச்-சின் அவசரப் பிரிவில் ஒரு ராத்திரி உட்கார்ந்தவர்களுக்கு முதல் இருபது நிமிடம் அப்படியே தெரிந்த இடம். இரண்டாம் பாதி முழுக்க யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தேடல். எந்த வார்டு, எந்த வராந்தா, எந்த நேரம் என்று கோடு கோடாக இணைத்துப் போவது துப்பறியும் கதையின் வேகத்தில் ஓடுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொண்டு தானும் போன செவிலியராக ரீமா கல்லிங்கல் வரும் இடங்களில் இசையை அடக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அடக்கத்துக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

வீட்டில் இது சொதப்புவதற்குக் காரணங்கள் உண்டு. நடிகர்கள் ஏராளம், பாதிப் பேர் முகமூடியும் பாதுகாப்பு உடையும் போட்டிருக்கிறார்கள். ஆறங்குலப் போனில் யார் யாரென்று தெரியாமல் முதல் அரைமணி நேரத்திலேயே விட்டுவிடுவார்கள். கோழிக்கோட்டுப் பேச்சுவழக்கில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவதால், மலையாளம் ஓரளவு தெரிந்தவர்களும் சப்டைட்டிலை அணைக்கக் கூடாது. 32 அங்குல டிவி என்றால் ஆறடிக்குள் உட்கார வேண்டும், சப்டைட்டில் அளவை ‘பெரிது’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘வசனம் கேட்கவில்லை’ என்ற புகாரின் வேர் ஒலிக்கலவையில் இருக்கிறது. தியேட்டரில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு சேனலும், அதாவது தனித்தனி ஒலிவழியும், 85 டெசிபல் அளவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். ஒலிக்கலவை செய்கிறவர்கள் அதை மனத்தில் வைத்துத்தான் முணுமுணுப்பையும் வெடிச்சத்தத்தையும் அளக்கிறார்கள். வீட்டில் அக்கம்பக்கத்துக்கு அஞ்சி நாம் வைப்பது அதைவிடப் பதினைந்து இருபது டெசிபல் குறைவு. ஏப்ரல் வெயிலில் ஃபேன் ஐந்தில் ஓடும்போது முணுமுணுப்பு எல்லாம் அதன் இரைச்சலுக்குக் கீழே போய்விடும். ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் ஸ்பீக்கருக்கும் பிரித்துத் தரும் 5.1 கலவையில் வசனத்துக்கென்று நடு சேனல் உண்டு. டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் அதை மடக்கும்போது, இசையும் மழையும் கூட்டச் சத்தமும் அதே ஸ்பீக்கரில் வந்து வசனத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆடியோ பட்டியலில் 5.1 என்று போடாத ஸ்டீரியோ தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ‘சரவுண்ட்’ பொத்தானை அணையுங்கள், ‘கிளியர் வாய்ஸ்’ போன்றது இருந்தால் போடுங்கள். பழைய 5.1 ஹோம் தியேட்டரைச் சிவப்பு-வெள்ளை ஒயரில் இணைத்திருக்கும் வீடுகளில் நடு ஸ்பீக்கர் பேசாமலே இருக்கும், ஏனென்றால் அந்த ஒயரில் இரண்டு சேனல்தான் போகும். பெட்டியில் ‘புரோ லாஜிக்’ இருந்தால் அதைப் போட்டால் வசனம் நடுவுக்கு வரும். ஆப்டிகல் ஒயரில் சத்தமே வரவில்லை என்றால் டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை ‘பிசிஎம்’-க்கு மாற்றுங்கள்.

‘தாராள பிரபு’ மார்ச் 13-ல் வெளியாகி நாலே நாளில் தியேட்டரை இழந்த படம். ஏப்ரலிலேயே பிரைமுக்கு வந்துவிட்டது. ‘விக்கி டோனர்’ இந்திப் படத்தின் தமிழாக்கம். வீட்டுக்கு இதமானது, ஒலியிலும் ஒளியிலும் எந்தச் சிக்கலும் தராதது. விவேக் இல்லாத காட்சிகளில் தொய்வு தெரிகிறது. இருக்கும் காட்சிகளில் அவருடைய நேரக்கணக்கு பிசகவே இல்லை.

‘பொன்மகள் வந்தாள்’ மே 29-ல் நேராகப் பிரைமுக்கு வந்தது. பெரிய நட்சத்திரத்தின் தமிழ்ப் படம் தியேட்டரைத் தொடாமல் போவது அப்போது புதிது. தயாரித்த சூர்யாவின் 2டி நிறுவனத்தின் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று தியேட்டர் உரிமையாளர்கள் அறிவிக்கும் அளவுக்குப் போனது. ஊட்டியில் நடக்கும் நீதிமன்றக் கதை. முகமும் பேச்சும்தான் படம் என்பதால் சின்னத் திரையில் எதுவும் குறையவில்லை. ஜோதிகாவும் பார்த்திபனும் எதிரெதிர் நின்று வாதாடும் இடங்கள் நிற்கின்றன. ஆனால் நீதிமன்றத்தைக் கட்டிய விதம் தளர்ச்சி. பாலியல் வன்கொடுமை வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்று அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 327(2) சொன்னது, போக்சோவும் அதையே சொல்கிறது. இங்கே குழந்தைகளுக்கு நடந்த கொடுமையைக் கூட்டம் நிறைந்த கூடத்தில் விவரிக்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் பக்கம் நிற்கும் ஒரு படம் இதை யோசித்திருக்க வேண்டும். உருக்கமான பேச்சுகளின் மேல் பின்னணி இசையை ஏற்றியதும் தப்புதான். இது ஸ்பீக்கரை மாற்றினாலும் தீராது.

‘பெண்குயின்’ ஜூன் 19-ல் வந்தது. ‘ஒரே இருட்டு’ புகாரை அதிகம் வாங்கியது இதுதான். மலைக்காடு, பனிமூட்டம், இரவு. நடுவில் சாப்ளின் முகமூடி, மஞ்சள் குடை. கார்த்திக் பழனியின் ஒளிப்பதிவு இருட்டுக்குள் பல அடுக்கு வைத்திருக்கிறது. குறைந்த பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு வரும் டேட்டா குறையும்போது, முதலில் உடைவது அந்த அடுக்குதான்: பனி படிப்படியாகக் கோடு போட்டு நிற்கும், நிழல் சதுரம் சதுரமாக நகரும். இதை டிவியில் சரிசெய்ய முடியாது. வேகம் கிடைக்கும் நேரத்தில், எச்டியில்தான் பார்க்க வேண்டும். டிவியில் செய்யக்கூடியவை வேறு. ‘விவிட்’ முறை இருட்டை மையாக்கிவிடும், ‘சினிமா’ முறைக்கு மாற்றுங்கள். மின்சிக்கன முறை இருண்ட காட்சியில் பின்ஒளியை (பேக்லைட்) இன்னும் குறைக்கும், அதை அணையுங்கள். பிறகு பின்ஒளியை மட்டும் ஏற்றுங்கள். பல டிவிகளில் ‘பிரைட்னஸ்’ஸை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகிவிடும். எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று இருப்பதையும் நிறுத்துங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தில் இல்லாத பிரேம்களைச் செருகி, அது நாடகத்தொடர் போல வழுக்க வைக்கும்.

இவ்வளவும் செய்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ராத்திரியில் பார்த்தால் முதல் பாதி நல்ல படம். கர்ப்பிணித் தாயாக கீர்த்தி சுரேஷ் பயத்தை மூச்சிலேயே காட்டுகிறார். சந்தோஷ் நாராயணனின் இசை ஹெட்போனில் கேட்க வேண்டியது. பின்பாதியில் கொலைகாரனோடு நடக்கும் புதிர் விளையாட்டு வந்ததும் படம் கை நழுவுகிறது. குற்றத்துக்குக் கடைசியில் சொல்லும் காரணம், அதுவரை அந்தத் தாய் பட்ட பாட்டுக்கு ஈடாகவில்லை. முதல் பாதிக்காகப் பாருங்கள், எச்டியில்.